விலை கொடுத்த பின்னும் நிற்கும் கடன்

பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையில், பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழில் நகரின் ஓர் எல்லையில் அமைந்திருப்பது நிக்டி. அங்குள்ள ‘பக்தி-சக்தி’ பூங்காவில் சத்ரபதி சிவாஜியும் சந்த் துகாராமும் சந்திக்கும் காட்சி பெரிய சிற்பமாக வடிக்கப்பட்டிருக்கிறது. மன்னர் அனுப்பிய பொன்னையும் மணியையும் மகான் திருப்பி அனுப்பிவிட்டார் என்பது மராட்டிய மண்ணில் சிறுவர்களும் சொல்லும் செய்தி. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்காகத் தேஹுவிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் துகாராமின் பாதுகைப் பல்லக்கு இவ்வழியே வந்து, அடுத்துள்ள ஆகுர்டியில் இரவு தங்குகிறது.

துகாராம் பிறந்தது வணிகக் குடும்பத்தில். கடையும் கொடுக்கல்-வாங்கலும் அவருடைய குலத்தொழில். 1630-ஐ ஒட்டித் தக்காணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மனைவியையும் மகனையும் இழந்தார், வியாபாரமும் நொடித்தது. பின்னர் அவர் உள்ளம் விட்டலன்பால் முழுமையாகத் திரும்பியபோது, ஊரார் எழுதிக் கொடுத்திருந்த கடன் பத்திரங்களை இந்திராயணி ஆற்றில் போட்டுவிட முனைந்தார். தம்பி கன்ஹோபாவோ குடும்பத்தை நடத்த வேண்டியவர். எனவே பத்திரங்களை இரு பங்காகப் பிரித்து, தம்பியின் பாதியை அவரிடமே ஒப்படைத்துவிட்டு, தம் பாதியை மட்டும் ஆற்றில் விட்டார் என்று மரபு கூறுகிறது.

2024-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நிக்டியில் தமிழ் அன்பர் ஒருவரின் இல்லத்தில் சத்சங்கம் நடைபெற்றது. வந்திருந்த சுவாமிஜி இந்த வரலாற்றைச் சொல்லி முடித்ததும், மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எழுந்தார்.

“சுவாமிஜி, துகாராம் கடன் கொடுத்தவர். பத்திரத்தை ஆற்றில் விட்டது அவருடைய பெருந்தன்மை. எங்களைப் போன்றவர்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர். இதோ, இந்த செல்போனைச் சென்ற வாரம்தான் வாங்கினேன். கேட்ட விலையை அப்படியே கொடுத்தேன். இதில் நான் யாருக்கு என்ன பாக்கி?”

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். சுவாமிஜி சிரிக்கவில்லை.

“இதைச் செய்தது எங்கே?”

“இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமாக இருக்கலாம்.”

“செய்தவர் யார்?”

இளைஞர் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். “அது விற்றவரின் பெயர்” என்றார் சுவாமிஜி.

அன்றைய சொற்பொழிவு அந்த ஒரு வாக்கியத்திலிருந்து விரிந்தது. அதன் சாரம் இங்கே தரப்படுகிறது.

நான்காவது கடன்

இளைஞரின் கேள்வி நேர்மையானது. விலை கொடுத்தால் பொருள் சொந்தம், கணக்கு முடிந்தது. உலகியலில் இதுவே நியாயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்குப் பல உரிமைகளைத் தந்திருக்கிறது. பொருள் பழுதானால் அவர் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் பொருளைச் செய்தவருக்கு வாங்கியவர் ஏதேனும் பட்டிருக்கிறாரா என்ற கேள்வியை அச்சட்டம் எழுப்புவதில்லை. அதை எழுப்பும் வேலையை நம் முன்னோர் அறநூல்களிடம் ஒப்படைத்திருந்தனர்.

மனிதன் பிறக்கும்போதே கடன்களுடன் பிறக்கிறான் என்பது வேதக் கருத்து. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் பட்ட மூன்று கடன்களைப் பலரும் அறிவர். சதபத பிராம்மணம் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறது. அது சக மனிதர்களுக்குப் பட்ட கடன். வேள்வியாலும் வேதம் ஓதுவதாலும் மக்கட்பேற்றாலும் முதல் மூன்று கடன்கள் தீர்கின்றன. நான்காவது எதனால் தீரும்? வந்தவருக்குத் தங்க இடமும் உண்ண உணவும் அளிப்பதால் தீரும் என்கிறது அந்நூல். கடனைத் தீர்க்கும் வழியாகப் பொற்காசைச் சொல்லவில்லை. உணவையும் உறைவிடத்தையும் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டு சொற்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நிக்டியில் இருப்பவருக்கு இது விளங்குவது கடினமன்று. பிம்ப்ரியிலும் ஆகுர்டியிலும் ஆலைகள் பெருகியபோது, அங்கே உழைப்பவர் எங்கே தங்குவது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாகவே 1972-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் நவநகர் விகாஸ் பிராதிகரண் என்ற வளர்ச்சிக் குழுமம் அமைக்கப்பட்டது. இன்று மாடி வீடுகளும் நிழல் மரங்களுமாக விளங்கும் நிக்டி பிராதிகரண், தொழிலாளியின் உறைவிடத்தைப் பற்றிய ஒரு கவலையிலிருந்து பிறந்தது.

அதே நிக்டியிலிருந்து தேஹுவை நோக்கிச் சில கிலோமீட்டர் சென்றால் தலவடே. பிறந்தநாள் கேக்கின் மீது வைத்தால் பூப்பூவாகப் பொறி சிந்தும் மெழுகுவத்தியைப் பலர் பார்த்திருப்பர். குழந்தைகளுக்கு அதில் பெரு மகிழ்ச்சி. 2023 டிசம்பர் 8-ஆம் நாள் தலவடேயில் அத்தகைய மெழுகுவத்தி தயாரித்துவந்த ஒரு கூடத்தில் தீப்பிடித்தது. உரிய அனுமதியின்றி நடந்துவந்த இடம் அது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அன்றே 6 பேர் மாண்டனர். மருத்துவமனையில் இருந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராக இறக்க, பலியானோர் எண்ணிக்கை பத்தைக் கடந்தது.

இதைச் சொன்னபோது அறையில் அமைதி நிலவியது. அந்த மெழுகுவத்தியை வாங்காத வீடு அங்கே இருந்திருக்குமா என்பது ஐயமே. வாங்கியவர் எவரும் தீ வைக்கவில்லை. எல்லோரும் விலை கொடுத்துத்தான் வாங்கினர்.

உடையவர் பிறந்த ஊர்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ஆன்மிக அன்பர் உள்ளத்தில் எழுவது உடையவர் இராமானுஜரின் அவதாரத் தலம் என்ற நினைவு. தாம் நரகம் புகுந்தாலும் மற்றவர் உய்ய வேண்டும் என்று திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை எல்லோர்க்கும் அறிவித்த மகான் அவர். இன்று அவ்வூரின் பெயரை உலகம் வேறொரு காரணத்துக்காக அறிந்திருக்கிறது. உலகச் சந்தைக்குப் போகும் கைபேசிகளும் தொலைக்காட்சிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் அங்கே உருவாகின்றன.

2021 டிசம்பரில் அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் சுமார் 17,000 பேர் பணியாற்றினர். ஆப்பிள் நிறுவனத்துக்காக ஐபோன்களைப் பொருத்தித் தரும் ஆலை அது. பொருத்தும் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தமிழகச் சிற்றூர்களிலிருந்து வந்த, இருபது வயதை ஒட்டிய பெண்கள். ஆலையின் பேருந்து அவர்களை விடுதியில் ஏற்றிச் சென்று, பணி முடிந்ததும் விடுதியில் இறக்கிவிடும். அந்த விடுதிகளை நடத்தியவர்கள் ஒப்பந்தக்காரர்கள்.

டிசம்பர் மாத நடுவில், ஒரு விடுதியில் உணவு உண்ட பெண்கள் வாந்தியும் பேதியுமாக வீழ்ந்தனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி மற்ற விடுதிகளில் பரவியது. அது உண்மையன்று என்று பின்னர் தெரிந்தது. ஆனால் அந்த இரவில், தோழியர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டால் உறுதியான பதில் கிடைக்கும் இடம் அந்தப் பெண்களுக்கு இல்லை. டிசம்பர் 17 இரவு அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்து அமர்ந்துவிட்டனர். மறுநாளும் போக்குவரத்து நின்றது. ஆலை மூடப்பட்டது.

பின்னர் வெளிவந்த செய்திகள் விடுதிகளின் நிலையைக் காட்டின. ஓர் அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை. தரையில் படுக்கை. தண்ணீர் வராத கழிப்பறைகள். தொலைவில் உள்ள சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. 2022 ஜனவரி 12-ஆம் நாள்தான் ஆலை மீண்டும் திறந்தது.

உணவு, உறைவிடம். சதபத பிராம்மணம் மனிதக் கடனுக்குச் சொன்ன அதே இரண்டு. உலகின் மிக நுட்பமான கருவிகளுள் ஒன்றைச் செய்யும் இடத்தில், கைத்திறனிலோ இயந்திரத்திலோ குறை ஏற்படவில்லை. ஒரு கிராமத்துச் சத்திரத்தில்கூடக் கிடைத்திருக்கக்கூடிய சோறும் பாயும் அங்கே இல்லாமற்போயின.

அப்போது ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய் என்று செய்திகள் தெரிவித்தன. அந்த ஆலையில் உருவான ஐபோன் 12, இந்தியாவில் அறிமுகமானபோது அதன் விலை 79,900 ரூபாய். தன் கையால் பொருத்திய பொருளை அவள் வாங்க விரும்பினால் ஏழு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் போதாது. இந்தக் கணக்கில் அநீதி இருக்கிறதா என்பதைப் பொருளாதாரம் கற்றவர்கள் விவாதிக்கட்டும். வடிவமைப்பு, ஆராய்ச்சி, வரி என்று அவர்கள் பல காரணங்கள் கூறுவர். கெட்டுப்போன உணவுக்கு அத்தகைய காரணம் எதையும் கூற முடியாது.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

“இதற்கு முதலாளியும் அரசும்தானே பொறுப்பு?” என்று கேட்கலாம். அவர்களே முதற்பொறுப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் நம் அறநூல்கள் பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் வைத்துவிட்டுப் போவதில்லை. புலால் மறுத்தல் அதிகாரத்தில் திருவள்ளுவர் இதையே ஆராய்கிறார். தின்பவர் இல்லையென்றால் விலைக்கு விற்பவரும் இல்லை என்பது அவர் காட்டும் தர்க்கம். மனுஸ்மிருதி இன்னும் விரிவாகப் போகிறது. அனுமதித்தவர், வெட்டியவர், கொன்றவர், வாங்கியவர், விற்றவர், சமைத்தவர், பரிமாறியவர், உண்டவர் என எண்மரைக் கொலையில் பங்காளிகளாக அது நிறுத்துகிறது. சங்கிலி நீளமானது என்பது வாங்குபவருக்கு அங்கே விலக்காகவில்லை.

கைபேசியின் சங்கிலி புலாலின் சங்கிலியைவிட நீளமானதுதான். மின்கலத்தில் உள்ள கோபால்ட் என்னும் உலோகத்தில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அங்கே கையாலேயே தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகளும் உழைக்கின்றனர் என்பதை ஆம்னஸ்டி அமைப்பு 2016-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. 2010-இல் சீனாவின் ஷென்ஜென் நகரில், இதே ஃபாக்ஸ்கானின் வளாகத்தில் பத்துக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர் அடுத்தடுத்துத் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். கட்டடங்களைச் சுற்றி வலை கட்டும் நிலை ஏற்பட்டது. இவ்வளவு தொலைவில் நடப்பதை ஒரு சாதாரண மனிதர் எப்படி அறிவார் என்ற கேள்வி ஒரு காலத்தில் பொருந்தியது. இப்போது அந்தச் செய்தியைக் கொண்டுவந்து தருவதே அவர் கையில் உள்ள கருவிதான்.

“அது அவர்களுடைய பிராரப்தம்” என்பது இன்னொரு வாதம். ஆன்மிக வட்டாரங்களில் இது அடிக்கடி கேட்பதால் ஒரு சொல் கூற வேண்டியிருக்கிறது. 1897-இல் கொல்கத்தாவில் பசுப் பாதுகாப்புச் சங்கப் பிரசாரகர் ஒருவர் சுவாமி விவேகானந்தரைக் காண வந்தார். பஞ்சத்தில் மடியும் மனிதர்களுக்குச் சங்கம் என்ன செய்கிறது என்று சுவாமிஜி வினவ, அது அவர்களுடைய கர்மப் பயன் என்றார் வந்தவர். அப்படியானால் பசுக்களும் தம் கர்மத்தால்தானே கசாப்புக்காரரிடம் போகின்றன என்று சுவாமிஜி சினத்துடன் திருப்பிக் கேட்டார். கர்மக் கொள்கை தன் செயலைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. பிறர் துன்பத்தை விளக்கிவிட்டு நகர்வதற்கு அதைப் பயன்படுத்துபவர் புதிதாக ஒரு கர்மத்தைச் சேர்த்துக்கொள்கிறார்.

மூன்றாவது வாதமே வலுவானது. “அந்த வேலையாவது கிடைக்கிறதே, அதுவும் இல்லாவிட்டால்?” இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த ஆலைச் சம்பளம் அரசு விதித்த குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. மழையை நம்பிய நிலமும் கடனும் உள்ள வீட்டில், மாதந்தோறும் மகள் அனுப்பும் பணம் தம்பியின் படிப்பாகிறது, வீட்டுக் கூரையாகிறது. வீட்டில் அவள் சொல்லுக்கு முன்பில்லாத மதிப்பு உண்டாகிறது. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை, வரித் தகராறுகளுக்கிடையே 2014 நவம்பரில் நின்றது. வேலையிழந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆலை திறக்கப்பட வேண்டும் என்றுதான் கேட்டனர். ஆகவே, குற்றவுணர்வினால் பொருளையே ஒதுக்குவது அறமாகத் தோன்றினாலும், அதன் சுமை போய்ச் சேரும் இடம் அதே பெண்ணின் வீடாக இருக்கக்கூடும்.

ஆனால் வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்வதும், நல்ல உணவு கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. 2021-இல் சாலையில் அமர்ந்த பெண்களில் எவரும் ஆலையை மூடச் சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டவர், அதில் கல் இருக்கிறது என்று அவன் சொன்னால் கோபிக்கக் கூடாது. இங்கு இன்னொன்றும் உண்டு. சோறு போடுபவர் உண்மையில் யார்? அவள் கூலி வாங்குபவரின் பணத்திலிருந்து போகிறது. வாங்குபவரின் வசதி அவளுடைய கையிலிருந்து வருகிறது. கீதையின் மூன்றாம் அத்தியாயம் பேசும் வேள்விச் சக்கரம் இப்படித்தான் சுழல்கிறது. பெற்றுக்கொண்டு திருப்பித் தராமல் நுகர்பவனை அங்கே பகவான் திருடன் என்ற கடுஞ்சொல்லால் குறிக்கிறார்.

வாங்குபவரின் இடம்

அப்படியானால் கைபேசி வைத்திருப்பவர் எல்லோரும் பாவிகளா? இங்கே சாஸ்திரத்தின் நிதானம் கைகொடுக்கிறது. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் ஹிம்சை முதலியவற்றை அளந்து பிரிக்கிறார். தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது என வகை மூன்று. பேராசை, சினம், மயக்கம் என வேர் மூன்று. மெல்லியது, நடுத்தரமானது, மிகக் கடியது என அளவு மூன்று. வியாச பாஷ்யம் இவற்றைப் பெருக்கி, உட்பிரிவும் சேர்த்து எண்பத்தொன்று வரை கொண்டுபோகிறது. இந்தக் கணக்கு இன்றைய வாசகருக்குப் புன்னகையை வரவழைக்கலாம். ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் எறியாத கருணை அதில் இருக்கிறது.

இந்தக் கட்டங்களில் வாங்குபவரின் இடம் எது? அவர் செய்யவில்லை, செய்விக்கவும் இல்லை. அறியாமல் உடன்பட்டார். மயக்கத்தை வேராகக் கொண்ட, மெல்லிய உடன்பாடு அது. ஒப்பந்தக்காரரின் குற்றமும் அவருடையதும் ஒன்றல்ல. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மயக்கம் என்பது உண்மை தெரியும்வரைதான் மயக்கம். தெரிந்த பின்னும் அதே அலட்சியம் தொடர்ந்தால், அதன் வேர் பேராசை என்ற கட்டத்துக்கு மாறிவிடுகிறது. செயல் மாறாமலே பாவத்தின் வகை மாறுகிறது.

உடன்பாடு மெல்லியதுதான். அதை விலக்கிக்கொள்வதற்கு ஆற்றல் இருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூரில் அடுத்து நடந்தவை இதற்குச் சான்று. பெண்கள் சாலையில் அமர்ந்தனர், அதுவே முதற்காரணம். செய்தி உலகெங்கும் சென்றது. தம் கைபேசியில் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற எண்ணம் நிறுவனத்தை அசைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் கட்டியது அது. 1972-இல் நிக்டியில் எழுந்த கேள்விக்கு அங்கே ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு விடை கிடைத்தது எனலாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கூறவில்லை. அதே 2024 ஜூனில், திருமணமான பெண்களை அந்த ஆலையின் ஆளெடுப்பு முகவர்கள் ஒதுக்குகிறார்கள் என்ற செய்தி வந்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அண்மையில் வேலைக்கு எடுத்தவர்களில் நான்கில் ஒருவர் திருமணமானவரே என்று நிறுவனம் பதிலளித்தது. செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, 37 நாட்கள், ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் ஆயிரம் பேருக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தனர். குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் பண்டிகைக்கால விற்பனை உச்சத்தில் இருந்த வாரங்கள் அவை. நாளிதழின் ஒரு பக்கத்தில் தள்ளுபடி விளம்பரம், மறுபக்கத்தில் பந்தலில் அமர்ந்தவர்களின் படம். எந்தப் பக்கத்தை எத்தனை பேர் படித்தனர் என்று சுவாமிஜி கேட்டபோது ஓரிருவர் தலைகுனிந்தனர்.

இளைஞர் மீண்டும் எழுந்தார். “சரி, சுவாமிஜி. நான் என்ன செய்ய வேண்டும்? இதைத் திருப்பிக் கொடுத்துவிடவா?”

“வேண்டாம். அது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். இதற்கு முன் வைத்திருந்தது என்ன ஆயிற்று?”

“நன்றாகத்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று மாற்றினேன்.”

“மின்கலம் தளர்ந்தால் மின்கலத்தை மாற்றலாம். கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மாற்றலாம். புதியது வெளிவரும் அன்றே கையில் வேண்டும் என்று லட்சக்கணக்கானவர் துடிக்கும்போது, அந்தத் துடிப்பு ஆலையில் மிகைநேரமாகவும், அவசரமாக ஆளெடுப்பதாகவும், வேகம் அடங்கியதும் அனுப்பிவிடுவதாகவும் மாறுகிறது. உங்கள் ஆசை சற்று நிதானித்தால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எல்லோரும் குறைவாக வாங்கினால் வேலை குறையாதா என்று கேட்பீர்கள். குறையலாம். அதற்கு முழு விடை என்னிடம் இல்லை.”

இந்த ஒப்புதல் சிலருக்கு வியப்பளித்தது. சுவாமிஜி தொடர்ந்தார். “அடுத்த முறை வாங்கும்போது நினைவகம் எவ்வளவு, காமிரா எப்படி என்று பத்துக் கேள்வி கேட்பீர்கள். பதினொன்றாவதாக, செய்தவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வராது. மறுபடியும் எழுதுங்கள். தொழிலாளர் பந்தல் போட்டு அமர்ந்தால், ‘இவர்களால் முதலீடு போய்விடும்’ என்று உடனே சொல்லாமல், என்ன கேட்கிறார்கள் என்று ஒரு முறை படியுங்கள். இவ்வளவுதான் உங்கள் பங்கு.”

“நான் ஒருவன் எழுதி என்ன ஆகப் போகிறது?”

“துகாராம் தம்பியின் பத்திரங்களைத் தொடவில்லை” என்றார் சுவாமிஜி. “ஊரில் மற்ற வணிகர்கள் வைத்திருந்ததையும் தொடவில்லை. தம் கையில் இருந்த பாதியைத்தான் ஆற்றில் விட்டார்.”

ஆரத்தி முடிந்து பிரசாதம் வழங்கும் நேரம். பின்வரிசையில் சுவரோரம் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் அந்த இளைஞரைக் கைகாட்டி அழைத்தார். மகன் வீட்டில் தீபாவளி கொண்டாட வந்தவாசியிலிருந்து வந்தவர்.

“தம்பி, நீ கேட்டுக்கொண்டிருந்தாயே, என் தங்கை பேத்தி அங்கேதான் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷமாகிறது.”

“எந்த ஆலையில், பாட்டி?”

“பெயரெல்லாம் எனக்கு வாயில் வராது. போன் செய்கிற இடம். வரிசையில் நின்றுகொண்டே வேலையாம். கால் வீங்கிப்போகிறது என்பாள்.”

இளைஞர் பிரசாதத் தொன்னையைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகில் அமர்ந்தார். “இப்போது எங்கே தங்கியிருக்கிறாள்? சாப்பாடெல்லாம் எப்படியாம்?”

“அதை நீயே கேளேன்” என்று பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து பொத்தான் வைத்த பழைய செல்போனை எடுத்து நீட்டினார். “இந்த வாரம் ராத்திரி ஷிஃப்ட். இந்நேரம் எழுந்திருப்பாள்.”

அவர் எண்ணைத் தேடி அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.